திறமான சேவல்

அன்னலட்சுமி அந்தச் செய்தியைச் சொல்ல வந்த நேரம் ஆனந்தராசா வளவு வேப்பமரத்தடியில் குந்தியிருந்து, கட்டையன் என்ற சேவலின் கால் செதில்களுக்குள் புகுந்த அழுக்கை ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். கட்டையன் அவர் மடியில் பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கிக் கிடந்தது. கண்ணை மூடித் திறந்ததைத் தவிர அதனிடம் வேறு அசைவில்லை.

"இஞ்சேருங்கோ, சொன்னாக் கோவிக்கக்கூடாது."

"கோவம் வாற விசயமெண்டா சொல்லாதையும்."

"சொல்லாமலும் விடேலாது. போன மாரியில கோழியளுக்குக் கழுத்துத் திருகுற வருத்தம் வந்ததெல்லே, அப்ப நான் அம்மாளாச்சிக்கு ஒரு நேர்த்தி வச்சனான்."

"என்ன நேர்த்தி?"

"எங்கட வளவுக்குள்ள வருத்தம் வராமக் காத்தா, வளவில இருக்கிற திறமான சேவலை உனக்கு விடுறன் தாயே எண்டு."

ஈர்க்கு செதிலுக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஆனந்தராசா மனைவியைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார்.

"நான்தானே ஊசி போட்டனான்? ஊசியாலதானே தப்பினது?"

"பக்கத்து வீட்டுக்காரரும்தான் ஊசி போட்டவை. அவையின்ர கூடு இப்ப விறகு வைக்கத்தான் உதவுது. வைகாசிப் பொங்கல் கிட்ட வந்திட்டுது, அதுதான் சொன்னனான்."

"திறமான சேவல் எண்டு ஆரைச் சொன்னனீர்?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு அன்னலட்சுமி குசினிப் பக்கம் போனாள். அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது.

லிங்கநகரில் ஆனந்தராசாவைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய கோழிகளைத் தெரியும். ஓர்பிங்டன் என்ற சீமைச் சாதி. தூரத்திலிருந்து பார்த்தால் காலில்லாத பொன்னிறப் பந்து ஒன்று வளவுக்குள் உருண்டு திரிவது போலிருக்கும். துறைமுகத்தில் லொறிகளை நிறுக்கிற மேடையில் அவருக்கு வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் குடிப்பதற்கு முதல் கூட்டடியில்தான் நிற்பார்.

இந்தச் சாதிக்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. உடம்பு அகலமாய், ஆழமாய், நிலத்தோடு பதிந்தாற்போல் இருக்க வேண்டும். முதுகு குறுகி, கிண்ணம் போல் வளைந்து வாலுக்கு ஏற வேண்டும். கொண்டை சிறிது. கால் வெள்ளை, அதில் ஒரு பொட்டு இறகும் முளைக்கக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சோதனை நிறம். தலையிலிருந்து வால் வரை ஒரே பொன் நிறம் வேண்டும். அது மேலே இருந்தால் மட்டும் போதாது, இறகை விலக்கி ஊதிப் பார்த்தால் வேரிலும் அதே பொன் தெரிய வேண்டும். திருகோணமலை வெயிலுக்கு இதெல்லாம் விளங்குமா? கச்சான் காற்றுத் தொடங்கினால் பொன் வெளிறி வைக்கோலாகிவிடும். அதற்காகவே அவர் கூட்டுக்கு மேலே பச்சை வலை கட்டி, பொழுது சாய்ந்த பிறகே கோழிகளைத் திறந்துவிடுவார். இவ்வளவு செய்தும் ஒன்றுக்குச் செட்டையில் வெள்ளை வரும், இன்னொன்றுக்கு வாலில் கறுப்பு வரும். நிறம் பிழைத்தவை எல்லாம் குழம்புக்குப் போயின. பல வருடங்களாக அந்த வீட்டில் கோழிக் குழம்புக்குக் குறைவிருக்கவில்லை.

அப்படி வடிகட்டி வடிகட்டி வந்த முதல் சேவல்தான் கட்டையன். வேர்வரை பொன்.

கட்டையனோடு ஒரே அடையில் பொரித்த தம்பி நெட்டையன். இலக்கணத்தில் ஒரு வரிகூட அதற்குப் பொருந்தாது. கால் நீளம், கழுத்து நீளம், கொண்டை தீப்பிடித்தாற்போல் சிவந்து எழும்பி நிற்கும், வாலில் இரண்டு வெள்ளை இறகு. விடிந்தால் மதிலில் ஏறி நின்று ஒழுங்கை முழுவதையும் எழுப்பும். அதையும் எப்போதோ குழம்பாக்கியிருப்பார், அன்னலட்சுமிதான் விடவில்லை.

அன்று பின்னேரம் அவர் மெல்லக் கேட்டார்.

"நெட்டையனைக் குடுத்தா என்ன?"

"குடுப்பம். வடிவான சேவல். உங்கட மற்றது எனக்கு எப்பவும் தலையணை மாதிரித்தான் தெரியுது."

விசயம் முடிந்தது என்று ஆனந்தராசா நினைத்தார். நேர்ந்தவளே சம்மதித்துவிட்டாள். ஆனால் அடுத்த நாள் மேடையில் ஒரு லொறி ஏறி நின்றபோது அவருக்கு மனம் அரிக்கத் தொடங்கியது. லொறிக்காரன் ஒரு நிறை சொல்வான், மேடை ஒரு நிறை காட்டும். மேடை காட்டியதைத்தான் அவர் இத்தனை காலமும் எழுதிவந்தார். கட்டையனைப் போல ஒரு சேவல் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று தேத்தண்ணீர்க் கடை முதல் கோயில் வாசல் வரை சொல்லித் திரிந்தவரும் அவர்தான். அம்மாளாச்சிக்குக் காது கேட்காதா? இப்போது நெட்டையனைக் கொண்டுபோய், இதுதான் தாயே திறம் என்றால், அது லொறிக்காரன் சொல்லும் நிறையாகத்தானே முடியும்?

அதே நேரம், அன்னலட்சுமியின் கண்ணுக்கு நெட்டையன்தான் திறம் என்றால், நேர்த்தி அவளுடைய கண்ணைத்தானே சேரும்? அப்படியும் சரியாகப்பட்டது. இப்படியும் சரியாகப்பட்டது. கீழே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

கிண்ணியாவில் ரயர்க் கடை வைத்திருக்கும் நிப்றாசுக்கு அழைப்பெடுத்தார். நிப்றாசும் ஓர்பிங்டன்காரன்தான், அவன் வளர்ப்பது கறுப்பு. ஒவ்வொரு வருடமும் குருணாகல் கண்காட்சிக்கு இருவரும் அவனுடைய வானில்தான் போவார்கள். ஒவ்வொரு வருடமும் பரிசுக் கிண்ணம் கிண்ணியாவுக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிப்றாஸ் நன்றாகச் சிரித்தான்.

"அண்ணன், இதுக்குப் போய் ஏன் மண்டையப் போட்டு ஒடைக்கிறீங்க? ரெண்டையும் குருணாகலுக்குக் கொண்டு வாங்க. பக்கத்துப் பக்கத்துக் கூட்டுல வைப்பம். நடுவர் எத மேல தூக்கிறாரோ அதுதான் தெறம். அதக் கோயிலுக்குக் குடுங்க. பாவம் புண்ணியம் எல்லாம் அந்தாள்ர தலையில."

"அப்ப கட்டையன் வெண்டா?"

"வெண்டா கப் ஒங்களுக்கு."

"கட்டையன் போயிடுமே, தம்பி!"

"தோத்தா கட்டையன் ஒங்களுக்கு. கப் இல்ல."

"நான் இப்ப எதைத்தான் நினைக்கிறது?"

"அது எனக்குத் தெரியா. ஆனா எனக்கு ரெண்டுலயும் சந்தோசம். ஒங்கட சேவல் தோத்தா என்ட கறுப்பனுக்குக் கப். வெண்டா அடுத்த வருசம் எனக்குப் போட்டிக்கு ஆளில்ல."

அவன் பகிடியாகச் சொன்னாலும் யோசனை நேர்மையாகத்தான் இருந்தது. ஆனந்தராசா ஒப்புக்கொண்டார்.

கண்காட்சிக்கு முதல்நாள் குளிப்பாட்டு. வேப்பமரத்தடியில் மூன்று பேசின்கள் வரிசையாக இருக்கும். முதலாவதில் குழந்தைப் பிள்ளைகளின் ஷாம்பு, இரண்டாவதில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் கொஞ்சம் வினாகிரி கலந்த தண்ணீர். ஓர்பிங்டனைக் குளிப்பாட்டுவது பார்ப்பவர் நினைப்பது போல் லேசான அலுவல் அல்ல. இறகு அவ்வளவு அடர்த்தி. தண்ணீரை மேலே ஊற்றினால் சேம்பிலையில் ஊற்றினாற்போல் உருண்டு ஓடிவிடும். கோழிக்குத் தான் நனைகிறோம் என்பதே தெரியாது. விரலால் இறகை எதிர்ப்பக்கமாக விலக்கிப் பிடித்து, தோல் தெரிய ஊற்ற வேண்டும். அப்போதுதான் அது நனையும். நனைந்ததும் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும் பாருங்கள், குளிப்பாட்டியவரும் குளித்துவிடுவார்.

கட்டையனைக் குளிப்பாட்டி முடித்து நெட்டையனை எடுத்தார். எடுத்தவர் விடவில்லை. ஷாம்பு இரண்டாம் தரமும் போட்டார். காலைப் பழைய பிரஷ் ஒன்றால் தேய்த்தார். கொண்டைக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவினார். துவாயால் ஒற்றி, ஹெயார் ட்ரையரைப் பிடித்து, இறகுகளை ஊதி ஊதி உப்பச் செய்தார்.

"கலியாண மாப்பிளைக்கும் இப்பிடித் தேய்க்கமாட்டினம்," என்றாள் அன்னலட்சுமி, குசினி வாசலில் நின்றபடி. "என்ன, நெட்டையனில திடீரெண்டு பாசம்?"

ஆனந்தராசாவின் கை நின்றது. தான் என்ன செய்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேடையில் நிறுக்கும்போது தட்டில் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறவனின் வேலை அல்லவா இது? உடனே நெட்டையனை விட்டுவிட்டுக் கட்டையனுக்கும் ட்ரையர் பிடித்தார். பிடிக்கும்போது, ஐயோ, இவ்வளவு வடிவாகக் காய்கிறதே என்று பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

குருணாகல் மண்டபத்தில் கூடுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. நடுவர் கண்டிப் பக்கத்து மனிதர், வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார், சிங்களத்தில் கதைத்தார். தமிழிலும் சில சொற்கள் வைத்திருந்தார். முதலில் நெட்டையனின் கூட்டைத் திறந்தார். தூக்கினார். காலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், ஆனந்தராசாவைப் பார்த்தார்.

"ஐயா, இது நல்ல சுத்தம்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "கறி. நல்ல கறி," என்று சொல்லி உள்ளே விட்டார்.

பக்கத்தில் நின்ற நிப்றாஸ் வாயைப் பொத்திக்கொண்டான்.

அடுத்ததாகக் கட்டையனைத் தூக்கினார். முதுகில் கையை வைத்து அளந்தார். செட்டையை விசிறி போல் விரித்தார். நெஞ்சிறகை விலக்கி ஊதினார். இன்னொரு தரம் ஊதினார். பிறகு உதவியாளைக் கூப்பிட்டு அவனையும் ஊதிப் பார்க்கச் சொன்னார். ஆனந்தராசா கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். ஏதாவது ஒரு வெள்ளை இறகு கிடைத்துவிடட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. கிடைத்துவிட்டால் என்ன செய்வேன் என்று இன்னொரு மனம் பதறியது.

கிண்ணம் ஆனந்தராசாவுக்குக் கிடைத்தது. நிப்றாசின் கறுப்பன் இரண்டாவது.

"அண்ணன், படம் எடுக்காங்க, கொஞ்சம் சிரிங்க," என்றான் நிப்றாஸ். "மையத்து அடக்கத்துக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறீங்க."

வரும் வழியெல்லாம் கிண்ணம் மடியில் இருந்தது. கூடை காலடியில் இருந்தது. கந்தளாய் தாண்டிய பிறகு ஆனந்தராசா, "தம்பி, நடுவர் பிழை விட்டிருப்பாரோ?" என்று கேட்டார்.

"நீங்க முந்தி ஒவ்வொரு வருசமும் இதத்தான் கேப்பீங்க," என்றான் நிப்றாஸ். "அப்ப தோத்துப்போட்டுக் கேட்டீங்க."

வீட்டில் கிண்ணத்தை அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் துடைத்து அலுமாரிக்கு மேல் வைத்தாள். கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனம் கேக்காட்டி நெட்டையனையே குடுப்பம். நேர்ந்தது நான்தானே?" என்றாள்.

"நேர்த்தி வைக்கேக்க நீர் எந்தச் சேவலை நினைச்சனீர்? அதைச் சொல்லும் முதல்."

"ஒரு சேவலையும் நினைக்கேல்ல."

"பிறகு?"

"நீங்கள் மழைக்குள்ள சாப்பிடாமக் கூட்டடியிலயே குந்தியிருந்தியள். அதைப் பாத்திட்டு வாயில வந்ததைச் சொன்னனான். எனக்கென்ன தெரியும், நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு குருணாகல் வரைக்கும் போவியள் எண்டு?"

இதைக் கேட்டு அவருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மனைவி நினைத்தது ஒன்றுமில்லை. நடுவர் சொன்னது கட்டையன். கட்டையனைக் குடு என்று யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனால் கிண்ணம் அலுமாரிக்கு மேலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொங்கலன்று காலையில் அவர் கூடைக்குள் வைத்தது கட்டையனைத்தான். அன்னலட்சுமி பார்த்தாள்; பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே கோயிலுக்கு வந்தாள்.

கோயில் ஒழுங்கை முடிவில் இருக்கிறது, சின்னக் கோயில். அங்கே சேவலை வெட்டுவதில்லை. நேர்ந்த சேவலை அம்மன் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். கோயில் வளவுக்குள் விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு அது அம்மாளாச்சியுடையது, யாரும் திருப்பிக் கேட்கக்கூடாது. சிலுப்பாவிட்டால் அவளுக்கு வேண்டாம்; கொண்டுவந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதான்.

பூசாரி கிருஷாந்த் இளம் வயது. மற்ற நாட்களில் ஓட்டோ ஓட்டுகிறவன். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"என்னண்ணை இது? மதிலில நிண்டு கூவுமே, அந்தச் சேவல் எங்க?"

"அது வீட்டில. இதுதான் நேர்ந்தது."

"இதுக்குக் கால் இருக்கோ?"

பொங்கல் பானைகளைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிருஷாந்த் கட்டையனைத் தூக்கி அம்மன் முன்னால் வைத்தான். அது வைத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. வேப்பிலைக் கொத்தைச் செம்பில் தோய்த்துத் தெளித்தான். மஞ்சள் துளிகள் முத்து முத்தாய் இறகில் உருண்டு நிலத்தில் விழுந்தன. கட்டையன் கண்ணை மூடித் திறந்தது. மறுபடி தெளித்தான். பிறகு செம்போடு கொஞ்சம் ஊற்றியும் பார்த்தான். கட்டையன் சுகமாகக் கொட்டாவி விட்டது.

"சிலுப்பேல்லையண்ணை. அம்மாளாச்சிக்கு வேண்டாமாம்," என்றான் கிருஷாந்த். "வீட்ட கொண்டு போங்கோ. பின்னேரம் மற்றதைக் கொண்டு வாங்கோ, அது கட்டாயம் சிலுப்பும்."

ஆனந்தராசாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அம்மாளாச்சியே திருப்பித் தந்துவிட்டாள். கட்டையனும் அவருக்கு, கிண்ணமும் அவருக்கு. குனிந்து கூடையை எடுத்தார். அவ்வளவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பாவம், வருத்தக்காரச் சேவல் போல," என்றாள் பானையடியில் நின்ற ஒருத்தி. "மனிசன் நல்லதை வீட்டில வச்சிட்டு நோஞ்சானைக் கொண்டு வந்திருக்கு."

ஆனந்தராசா கூடையைக் கீழே வைத்தார்.

"நோஞ்சானோ?"

"நான் சும்மா சொன்னனான் அண்ணை..."

"இஞ்ச வந்து பாருங்கோ! இந்த முதுகைப் பாருங்கோ. இந்த நெஞ்சைப் பாருங்கோ. குருணாகலில போன கிழமை முதலாமிடம் எடுத்த சேவல் இது! தம்பி, ஒருக்கா ஊதிப் பாரும். வேர்வரைக்கும் ஒரே நிறம். இந்த நிறத்துக்கு நான் எத்தினை வருசம் பாடுபட்டனான் தெரியுமோ?"

"எல்லாம் சரியண்ணை," என்றான் கிருஷாந்த். "ஆனா சிலுப்பேல்லையே. நான் என்ன செய்ய? ஒண்டுக்கு மூண்டு தரம் தெளிச்சிட்டன்."

"நீர் தெளிச்ச தண்ணி தோலுக்குப் போகேல்லையடாப்பா! மேலால ஊத்தினா இதுக்கு விளங்காது. அதுதான் இந்தச் சாதியின்ர திறமே. இறகை எதிர்ப்பக்கமா விலக்கோணும். கொண்டாரும் செம்பை!"

"இஞ்சேருங்கோ," என்றாள் அன்னலட்சுமி பின்னாலிருந்து. அவருக்கு அது கேட்கவில்லை.

குந்தியிருந்து, இடது கை விரல்களால் கட்டையனின் முதுகிறகை எதிர்ப்பக்கமாக விலக்கிப் பிடித்தார். இளஞ்சிவப்பாய்த் தோல் தெரிந்தது. அதைச் சுற்றி வேரிலும் அதே பொன். "பாத்தியளோ? பாத்தியளோ?" என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு வலது கையால் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

கட்டையன் எழுந்து நின்றது. அப்படி ஒரு சேவலுக்குக் கால் இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கழுத்தில் தொடங்கி வால் வரை, உடம்பு இரண்டு மடங்காய் உப்ப, ஒரு சிலுப்புச் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் பூசாரியின் முகத்திலும், பெண்களின் சேலையிலும், ஆனந்தராசாவின் வெள்ளைச் சேட்டிலும் மழையாய்ப் பறந்தது.

"அம்மாளாச்சி!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். கிருஷாந்த் ஓடிப்போய் மணியை அடித்தான்.

ஆனந்தராசா சிரித்தபடியே எழும்பினார். "நான் சொன்னனான்தானே?" என்று எல்லோரையும் பார்த்தார். "சொன்னனான்தானே?" எல்லோரும் தலையாட்டினார்கள். அன்னலட்சுமி மட்டும் தலையாட்டவில்லை. அவள் அவருடைய ஈரக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களை ஆரப்பா கேட்டது?" என்றாள் மெதுவாக.

அவருடைய சிரிப்பு எங்கே நிற்பதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. கிருஷாந்த் கட்டையனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் வளவுக்குள் விட்டான். அது நாலடி நடந்து, வளவு மரத்தின் நிழலைத் தாண்டி வெயிலில் ஒரு இடம் பார்த்து, நெஞ்சை மணலில் புதைத்துப் படுத்துக்கொண்டது. மேலே மறைப்பு ஒன்றும் இல்லை. வைகாசி வெயில் அந்தப் பொன்னில் நேராக விழுந்தது.

வென்றதா தோற்றதா என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் கேட்டது கிடைத்திருந்தது. ஆனால் எதைக் கேட்டார்? கூடை வெறுமையாய்க் காலடியில் கிடந்தது. ஒழுங்கையின் மறு முனையில் நெட்டையன் மதிலில் ஏறி நின்று கூவியது இங்கே வரை கேட்டது.

கிருஷாந்த் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். இப்போது அவன் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

"அண்ணை, உண்மையாத் திறமான சேவல்தான். நான் தெரியாமக் கதைச்சிட்டன். இதுக்கு என்ன சாப்பாடு?"

ஆனந்தராசா சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி வளவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாப்பாடு கிடக்கட்டும் தம்பி," என்றார். "அந்த மரத்தில இருந்து மதிலுக்கு ஒரு பச்சை வலை இழுத்துக் கட்டினா அம்மாளாச்சி ஏதும் நினைப்பாவோ?"